டவுன் பஸ்ஸில் செட்டிநாடு பார்த்த மூன்று நாட்கள்

செட்டிநாட்டைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் காரைக்குடியில் ஒரு வாடகைக் காரை அமர்த்திக்கொண்டு, காலையில் பிள்ளையார்பட்டி, மதியம் கானாடுகாத்தான், மாலையில் ஆத்தங்குடி என்று ஒரே நாளில் முடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சென்ற மார்கழியில் கோயம்புத்தூரிலிருந்து என் நாத்தனாரும் அவருடைய மகளும் வந்திருந்தபோது நானும் அப்படித்தான் கார் பேசுவதாக இருந்தேன். "பஸ்ஸிலேயே போவோமே அண்ணி, அவசரம் ஒன்றும் இல்லையே" என்று அவர் சொன்னதால், என் மாமியாரையும் சேர்த்து நான்கு பெண்களும் மூன்று நாட்கள் நகரப் பேருந்திலேயே சுற்றினோம். இருபது வருடமாகக் காரைக்குடியில் குடியிருக்கும் எனக்கே இந்த ஊர்கள் புதிதாகத் தெரிந்தன என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் செலவு. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் நடத்துநர் சீட்டுக் கொடுப்பார். இறங்கும்வரை அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். மதுரைக்கோ திருச்சிக்கோ போகும் புறநகர்ப் பேருந்திலும், தனியார் பேருந்திலும், மினி பஸ்ஸிலும் இந்தச் சலுகை செல்லாது. எனவே ஏறுவதற்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது. ஆண்கள் உடன் வந்தால், சில்லறையாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காலை நேரக் கூட்டத்தில் ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டினால், மீதியை இறங்கும் இடத்தில் நினைவாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

முதல் நாள் குன்றக்குடியும் பிள்ளையார்பட்டியும். வெளியூர்க்காரர்கள் யாரையும் கேட்காமலே துணிந்து ஏறக்கூடிய தடம் இதுதான். நகரப் பேருந்துகள் தவிர, திருப்பத்தூர், மதுரை செல்லும் வண்டிகளும் குன்றக்குடி வழியாகப் போவதால் ஒன்றைத் தவறவிட்டாலும் மனம் பதற வேண்டியதில்லை. ஆனால் மதியம் நடை சாத்திவிட்டால் மாலை நான்கு மணி வரை காத்திருக்க நேரும். அதனால் காலையில் முதலில் பிள்ளையார்பட்டியில் குடைவரைக்குள் வடக்கு நோக்கி வீற்றிருக்கும் கற்பக விநாயகரை வணங்கிவிட்டு, திரும்பும் வழியில் குன்றக்குடி மலையேறுவதே சரியான வரிசை. விநாயகர் சதுர்த்தித் திருவிழா நாட்களிலும், பழனிக்குக் காவடி புறப்படும் தைப்பூசக் காலத்திலும் இந்தச் சாலையில் நெரிசல் மிகுதி. முதியவர்களை அழைத்து வருவோர் அந்த நாட்களைத் தவிர்க்கலாம்.

இரண்டாம் நாள்தான் பேருந்தின் அருமை புரிந்தது. கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்து வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பவை. தரையில் நின்று பார்த்தால் மதிலும் கதவும் திண்ணையுமே கண்ணில் படும். காரின் உயரம் அதற்கும் குறைவு. பேருந்தின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தால் பார்வை மதிலைத் தாண்டி மாடிக் கைப்பிடிச் சுவருக்கு ஏறிவிடுகிறது. ஒரு வளைவில் எதிரே வந்த டிராக்டருக்கு வழிவிட்டு எங்கள் வண்டி நின்றபோது, கைக்கு எட்டும் தொலைவில் ஒரு சுதைக் கஜலட்சுமியைப் பார்த்தோம். இடப்பக்கத்து யானையின் துதிக்கை உடைந்து உள்ளிருந்த கம்பி துருவேறித் தெரிந்தது. தாமரை இதழில் மட்டும் பழைய நீலம் அழியாமல் இருந்தது. நாத்தனார் மகள் படம் எடுப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. பூட்டிக் கிடக்கும் எத்தனையோ வீடுகளின் மேல்தளங்கள் இப்படிச் சிதைந்துகொண்டிருப்பதைக் கண்ணெதிரே கண்டது மனத்தை மிகவும் வருத்தியது. கானாடுகாத்தான் அரண்மனையின் முகப்பை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. ஒன்று கவனிக்க வேண்டும்: திருச்சி சாலையில் செல்லும் புறநகர் வண்டியில் வந்தால் கானாடுகாத்தான் விலக்கில்தான் இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து ஊருக்குள் நடக்க வேண்டும், அல்லது ஆட்டோ பிடிக்க வேண்டும்.

பேருந்துக்குள் இருந்த மனிதர்களையும் சொல்லியாக வேண்டும். என் மாமியாருக்கு எழுபத்தொரு வயது. முழங்கால் வலி உண்டு. படிக்கட்டு உயரமாக இருந்ததால் ஒவ்வொரு முறையும் ஏறச் சிரமப்பட்டார். "ஆச்சி, பாத்து... மெதுவா ஏறுங்க, வண்டி எடுக்க மாட்டாக" என்று சொல்லி, அவர் உட்காரும்வரை விசில் ஊதாமல் நின்ற நடத்துநரை நான் மறக்க மாட்டேன்.

மூன்றாம் நாள், தரைக்கற்களுக்குப் பெயர்பெற்ற ஆத்தங்குடி. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கும் வேலையை அருகில் நின்று பார்க்கலாம். அந்தத் தரைக்கல்லின் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவதுதான் என்பதை அங்கே போனால்தான் நம்ப முடியும். போகும் வண்டி கிடைத்துவிடுகிறது. திரும்பும் வண்டிதான் கவலை.

இந்தச் சேவையின் பெருங்குறை அதுவேதான். காலையில் பள்ளி நேரத்துக்கும் மாலையில் வேலை முடியும் நேரத்துக்கும் வண்டிகள் நெருக்கமாக ஓடுகின்றன. இடையில், உச்சி வெயிலில், உட்புறச் சிற்றூர்களில் ஒன்றும் வருவதில்லை. பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஊரில், மதியம் வரும் என்று சொல்லப்பட்ட மினி பஸ் அன்று வரவே இல்லை. கூரை பெயர்ந்த நிழற்குடையில் ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். குடிக்க வைத்திருந்த தண்ணீரும் தீர்ந்தது. வண்டி பழுதானால் யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த நிறுத்தத்தில் எந்தெந்த நேரத்துக்கு எந்த வண்டி என்று நான்கு வரி எழுதிவைக்கக்கூடவா முடியாது? உள்ளூர்க்காரர்களுக்கு நேரம் மனப்பாடம். வெளியூரிலிருந்து வந்து நிற்பவர் எதை நம்பி நிற்பார்?

ஆகவே என் பரிந்துரை இது. குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, கானாடுகாத்தான் மூன்றுக்கும் தயங்காமல் பேருந்தில் செல்லுங்கள். ஆத்தங்குடி, இளையாத்தங்குடி போன்ற உட்புற ஊர்களுக்குப் போகும்போது பேருந்திலும், திரும்பும்போது தேவைப்பட்டால் ஆட்டோவிலும் வருவதாகக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். எங்கே இறங்கினாலும், திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு, கடைசி வண்டி எது என்று நடத்துநரிடம் படியிலேயே கேட்டுவிட்டு இறங்குங்கள். நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடையிலும் ஒருமுறை விசாரியுங்கள். அன்று எங்களுக்கு வழிகாட்டியது அப்படி ஒரு கடைதான். அதன் பலகைக் கதவின் உட்புறத்தில் காலை 6.40 முதல் இரவு 8.15 வரை வண்டி நேரங்கள் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டு, மாறிய நேரங்கள் எச்சில் தொட்டு அழித்துத் திருத்தப்பட்டிருந்தன. அதில் அடுத்ததாக 3.50 என்று இருந்தது. மூன்று ஐம்பத்தைந்துக்கு வண்டி வந்தது. மாமியாருக்கு உட்கார இடமும் கிடைத்தது.