துண்டுத்துணித் தையலுக்கு ஒரு ரோட்டரி கட்டர்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

பழைய சட்டைகளையும் படுக்கை விரிப்புகளையும் பிரித்து ஒட்டுத்துணி விரிப்பு தைப்பவர்களுக்குத் தைக்கும் நேரத்தைவிட வெட்டும் நேரமே அதிகம். ஒரே அளவில் இருநூறு சதுரங்களைக் கத்தரிக்கோலால் வெட்டி முடித்து, கட்டைவிரலின் அடியில் கன்றிப்போன தோலைப் பார்த்த நாளில்தான் இந்தத் தொகுப்பை வாங்கினேன். 45 மில்லிமீட்டர் வட்ட பிளேடு பொருத்திய கைப்பிடி, இரண்டு மாற்று பிளேடுகள், 6 அங்குல அகலமும் 24 அங்குல நீளமும் கொண்ட அக்ரிலிக் அளவுகோல், அடியில் விரிக்கும் பச்சை நிற மேட் ஆகியவை இதில் உள்ளன. ரோட்டரி கட்டரை 1979இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் அறிமுகப்படுத்தியது. நான் வாங்கியது அந்த வடிவத்தைப் பின்பற்றி வேறொருவர் செய்த மலிவான தொகுப்பு.

முதலில் பிளேடைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் தொகுப்பில் குறை சொல்ல முடியாத பொருள் அதுதான். கத்தரிக்கோலின் கீழ்வாய் துணியைச் சற்றுத் தூக்கியே வெட்டுவதால், இரண்டு அடுக்குகளை ஒன்றாக வெட்டும்போது மேல் துணியும் கீழ்த் துணியும் ஒன்றைவிட்டு ஒன்று நகர்ந்துவிடும். வட்ட பிளேடோ துணியை மேட்டோடு அழுத்திக்கொண்டே உருள்கிறது. தேய்ந்து மெலிந்த பருத்திச் சட்டைத் துணியில் நான்கு அடுக்குகளை ஒரே ஓட்டத்தில், நூல் பிசிறாமல் வெட்ட முடிந்தது. ஆறு அடுக்குக்குப் போனபோது அடித்துணி இழைக்கணக்கில் விலகியது. ஆகவே நான்கோடு நிறுத்திக்கொண்டேன்.

பிளேடைப் பிடித்திருக்கும் திருகை முழுவதும் இறுக்கினால் பிளேடு உருளாமல் துணியை இழுக்கிறது, தளர்த்திவிட்டால் ஆடுகிறது. இறுக்கிய பின் கால் சுற்றுப் பின்வாங்குவதே என் கைக்குச் சரியாக அமைந்தது. பிளேடை மறுபுறம் மாற்றிப் பொருத்த இயலும் என்பதால் இடக்கைக்காரர்களும் தயங்க வேண்டியதில்லை. பாதுகாப்பு மூடி தானாக மூடிக்கொள்ளாது. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கையால் மூட வேண்டும், அதை மறந்த ஒரு மாலையின் தழும்பு என் சுட்டுவிரலில் இருக்கிறது.

பிறர் உடுத்திக் கழித்த துணியை வாங்கி வெட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் வாங்கிய பழைய சட்டை ஒன்றின் பக்கத் தையலுக்குள் விலைச்சீட்டைப் பிடித்திருந்த ஸ்டேப்ளர் ஊசி அப்படியே இருந்தது. பிளேடு அதன் மீது ஏறிய ஓசை மிக மெல்லியது, ஆனால் விளைவு பல வாரம் நீடித்தது. அதன் பிறகு வெட்டிய ஒவ்வொரு நீண்ட பட்டையிலும் ஏறத்தாழ 14 சென்டிமீட்டருக்கு ஒருமுறை இரண்டு மூன்று இழைகள் அறுபடாமல் நின்றன. 45 மில்லிமீட்டர் பிளேடின் சுற்றளவு அவ்வளவுதான். அதன் விளிம்பில் விழுந்த ஒரே ஒரு பல், ஒவ்வொரு சுற்றிலும் தன் அடையாளத்தை விட்டுச் சென்றிருக்கிறது. இப்போதெல்லாம் பழைய துணியைத் துவைத்துத் தேய்த்தவுடன் தையல் மடிப்புகள் முழுவதையும் விரலால் தடவிப் பார்த்த பிறகே மேட்டில் விரிக்கிறேன்.

அளவுகோலின் கோடுகள் தெளிவானவை, எட்டில் ஒரு அங்குலம் வரை குறிக்கப்பட்டவை. அது வழுக்குவதைத் தடுக்க, அடியில் நான்கு மூலைகளிலும் மெல்லிய உப்புத்தாள் துண்டுகளை ஒட்டினேன். சட்டையின் முதுகுப் பகுதியே நமக்குக் கிடைக்கும் மிகப் பெரிய ஒரே துண்டு. ஆனால் பலமுறை துவைத்ததில் அது கோணியிருக்கும். ஓரத்தில் ஓர் இழையை உருவி எடுத்து, அது விட்டுச் சென்ற தடத்தில் அளவுகோலை வைத்தால்தான் நேர் இழையில் வெட்டு அமையும். நெய்த கோடுகளை நம்பலாம், அச்சிட்ட கட்டங்களை நம்பக் கூடாது.

அச்சிட்ட கட்டங்களை நம்பக் கூடாது என்பது மேட்டுக்கும் பொருந்தும் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு விரிப்பே செலவானது. இரண்டரை அங்குலச் சதுரங்களைக் கால் அங்குலத் தையல் விட்டு இணைத்தால், எட்டுச் சதுரங்களின் வரிசை பதினாறரை அங்குலம் வர வேண்டும். எனக்குப் பதினாறுதான் வந்தது. தையலைப் பிரித்து அளந்தபோது, ஒவ்வொரு சதுரமும் பதினாறில் ஒரு அங்குலம் குறைந்திருந்தது. அளவுகோலை விட்டுவிட்டு மேட்டின் கட்டங்களைப் பார்த்து வெட்டியதன் பலன். மேட்டில் விழும் கீறல்கள் மூடிக்கொள்வது உண்மைதான், ஆனால் ஃப்ளானல் துணியின் பஞ்சு அவற்றில் சிக்கிக்கொள்கிறது. பென்சில் அழிப்பானால் தேய்த்தால் உருண்டு வந்துவிடும். மேட்டின் மீது இஸ்திரி போடக் கூடாது, வெயில் படும் ஜன்னலோரத்தில் சாய்த்து வைக்கவும் கூடாது. வளைந்துவிட்டால் சமதளமாக்குவது கடினம். இந்த எச்சரிக்கை உறையின் பின்புறத்தில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருக்கிறது.

கிழிசல் தைக்க மட்டும் துணி வெட்டுபவர்களுக்கு இத்தொகுப்பு தேவையில்லை. ஜீன்ஸ் முழங்காலுக்கான ஒட்டுத்துணியின் வட்ட மூலைகளும், உள்மூலைகளில் சரியாக நிற்க வேண்டிய வெட்டுகளும் கத்தரிக்கோலுக்கே வசப்படும். வட்ட பிளேடு மூலையைத் தாண்டி ஓடிவிடுகிறது. பல மடிப்பு சேர்ந்த ஜீன்ஸ் பக்கத் தையலின் மீதும் அதை ஓட்ட முயல வேண்டாம்.

நேர்ப்பட்டைகளும் சதுரங்களும் நிறைய வெட்டுபவர் என்றால், கைப்பிடியையும் அளவுகோலையும் தயங்காமல் வாங்கலாம். மேட்டைத் தனியாக, இன்னும் தரமானதாகத் தேர்வு செய்வது நல்லது. பல் விழுந்த அந்த பிளேடை நான் எறியவில்லை. நகச்சாயத்தால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து, காகித அச்சுகளை வெட்டுவதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.