"ஒரு சைபர் கூடப் போட்டுட்டேன், திருப்பி அனுப்புங்க": ஓவியம் விற்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் படம் போட்டு விற்கும் ஓவியர்களிடம் வாங்குபவர் வேடத்தில் ஒரு கூட்டம் வந்துகொண்டே இருக்கிறது. ஆள் மாறும், ஊர் மாறும், டிபியில் உள்ள முகம் மாறும். வசனம் மட்டும் மாறாது. அதனால் முதலில் வசனத்தையே தருகிறோம்.

15-க்கு 12 அங்குலத்தில் ஒரு தஞ்சாவூர்ப் படம், தேக்குச் சட்டத்தோடு 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செய்தி வரும்: "மேடம், படம் சூப்பர். புது வீடு கிரகப்பிரவேசம். பைனல் ரேட் சொல்லுங்க." ஒன்பதாயிரம் என்றதும் பேரமே இல்லை. "அட்வான்ஸ் ரெண்டாயிரம் இப்பவே போடறேன்" என்பார். அடுத்த நிமிடம் உங்கள் கணக்கில் 20,000 வரவு வைக்கப்பட்டதாக எஸ்எம்எஸ். அந்தச் செய்தியை முழுதாகப் படிப்பதற்குள் போன் அடிக்கும். "ஐயோ மேடம், அவசரத்துல ஒரு சைபர் கூடப் போட்டுட்டேன். ஆஸ்பத்திரியில நிக்கறேன், மீதி பதினெட்டாயிரத்தை உடனே அனுப்பிடுங்க, புண்ணியமாப் போகும்." பாவம் என்று அனுப்பிவிடுவார்கள். இருபதாயிரம் வரவே இல்லை என்பது சாயங்காலம்தான் தெரியும்.

அந்த எஸ்எம்எஸ்ஸை யார் அனுப்பினார்கள் என்று பாருங்கள். வங்கியின் வரவுச் செய்தி சாதாரணப் பத்து இலக்கச் செல்போன் எண்ணிலிருந்து வராது. எழுத்துகளாலான தலைப்பிலிருந்து வரும். ஆனால் தலைப்பு சரியாக இருக்கிறதே என்று அதையும் நம்பிவிட வேண்டாம். போனை வைத்துவிட்டு வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பாருங்கள். இருப்பு ஏறியிருந்தால்தான் பணம் வந்தது. பணம் போன மாதிரி பச்சை டிக்கோடு காட்டும் போலிச் செயலிகள் இருப்பதால் அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டுக்கு மதிப்பே கிடையாது. ஆள் போனை வைக்கவிடாமல் பேசிக்கொண்டே இருப்பதற்குக் காரணமும் நீங்கள் இருப்பைப் பார்த்துவிடக் கூடாது என்பதுதான்.

பணம் நிஜமாகவே வந்திருந்தால்? இதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. அது வேறு எங்கேயோ ஏமாந்த ஒருவருடைய பணமாக இருக்கலாம். நீங்கள் மூன்றாவது கணக்கு ஒன்றுக்கு அதை அனுப்பிவிட்டால், ஏமாந்தவர் கொடுக்கும் புகாரில் உங்கள் கணக்குதான் முதலில் முடக்கப்படும். எனவே கூடுதல் பணம் வந்தால் கை வைக்காதீர்கள். "வங்கியில் சொல்லி, வந்த வழியிலேயே திருப்பச் சொல்கிறேன்" என்று பதில் போடுங்கள். தவறுதலாக அனுப்பியவர் நிம்மதியடைவார், மோசடிக்காரர் திட்டத் தொடங்குவார்.

இதற்கு அண்ணன் முறை க்யூஆர் ஏமாற்று. ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி அடையாள அட்டைப் படமும் அனுப்புவார்கள். "ஸ்கேன் பண்ணுங்க, பணம் உங்களுக்கு வந்துடும்" என்பார்கள். யுபிஐயில் பணம் அனுப்பத்தான் பின் (PIN) என்னும் ரகசிய எண் போட வேண்டும். வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். தனிநபர் இன்னொரு தனிநபரிடம் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல், யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுத்திவிட்டது. க்யூஆர் படம் அனுப்புவது அதனால் நிற்கவில்லை.

இந்த ஆட்களை முதல் நான்கு செய்திகளிலேயே கண்டுபிடித்துவிடலாம், ஏனென்றால் படத்தைப் பற்றி எதுவுமே கேட்கமாட்டார்கள். தஞ்சாவூர்ப் படம் வாங்குகிறவர் தங்க ரேக்கு (படத்தில் ஒட்டும் மெல்லிய தகடு) 22 காரட்டா என்று கேட்பார். முன்னால் கண்ணாடியா அக்ரிலிக்கா என்பார், சட்டத்தோடு சேர்த்து எத்தனை அங்குலம் வரும், பூஜை அறைச் சுவரில் அடங்குமா என்பார், ஜன்னல் வெளிச்சத்தில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார். கொஞ்சம் தொல்லைதான். அந்தத் தொல்லை இல்லாமல் நேரே வங்கிக் கணக்குக்குத் தாவுகிறவரிடம், "சட்டத்தோட என்ன சைஸ் வேணும்?" என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். "எது வேணாலும் ஓகே" என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டு வடிவம் ஒன்று உண்டு. என் மனைவி உங்கள் இணையதளத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், திருமண நாளுக்குப் பரிசாகத் தரப் போகிறேன், நாங்கள் வீடு மாறுவதால் எங்கள் ஷிப்பிங் ஏஜென்ட் வந்து எடுத்துக்கொள்வார் என்று மின்னஞ்சல் வரும். விலையைவிடக் கூடுதலான தொகைக்குக் காசோலை வரும். கூடுதலை ஏஜென்டுக்கு அனுப்பச் சொல்வார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நம் ஓவியர்கள் இதில்தான் அதிகம் கவனமாக இருக்க வேண்டும். அங்கே காசோலை போட்ட சில நாளிலேயே பணத்தை எடுக்க வங்கி அனுமதித்துவிடும். காசோலை போலி என்று திரும்புவதற்குச் சில வாரங்கள் ஆகலாம். அப்போது வங்கி மொத்தத்தையும் உங்களிடம்தான் பிடிக்கும். ஏஜென்டுக்குப் போனது போனதுதான்.

இணையத்தில் பணம் அனுப்பும் சேவையான பேபாலின் பெயரில் வரும் மின்னஞ்சலும் இதே குடும்பம்: "பணம் வந்துவிட்டது, கூரியர் ரசீதைப் பதிவேற்றினால் விடுவிப்போம்" அல்லது "பிசினஸ் கணக்காக மாற்ற இன்னும் 300 டாலர் வேண்டும்." மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், நீங்களே முகவரி தட்டிப் பேபாலுக்குள் நுழைந்து பாருங்கள், அங்கே இல்லாத பணம் எங்கேயும் இல்லை. இன்னொன்று, 2021 ஏப்ரல் 1-லிருந்து இந்தியாவுக்குள் ஒருவருக்கொருவர் பணம் செலுத்தும் சேவையைப் பேபால் நிறுத்திவிட்டது. சென்னையிலிருந்து பேசுகிறேன், பேபாலில் போட்டுவிட்டேன் என்கிறவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

படத்தின் டிஜிட்டல் உரிமைச் சான்றான என்எஃப்டியை விற்கலாம் என்று ஆசை காட்டுகிறவர்கள் இன்னும் ஓயவில்லை. "அசல் படம் உங்களிடமே இருக்கட்டும், டிஜிட்டல் வடிவத்தை மட்டும் 3 ஈதருக்கு வாங்குகிறேன்" என்பார்கள் (ஈதர் ஒரு கிரிப்டோ நாணயம்). அவர்கள் சொல்லும் தளத்தில்தான் பதிய வேண்டும். பதிவதற்குக் கேஸ் கட்டணம் (கிரிப்டோ பரிவர்த்தனைக்கான கட்டணம்) என்று ஒரு வாலட், அதாவது கிரிப்டோ பணப்பை, முகவரிக்கு அனுப்பச் சொல்வார்கள். விற்றுவிட்டதாகத் திரையில் பெரிய தொகை தெரியும், எடுக்கப் போனால் கமிஷன், அதன் பிறகு வரி. திரையில் தெரிவது அவர்களே தட்டச்சு செய்த எண். உண்மையான கேஸ் கட்டணம் பரிவர்த்தனை நடக்கும்போது உங்கள் வாலட்டிலிருந்து வலையமைப்புக்குக் கழியும். யாருக்கும் முன்கூட்டி அனுப்புவதில்லை.

கைவினைப் பொருள்கள் விற்கும் இணையச் சந்தையான எட்ஸியில் கடை திறப்பவர்களுக்கு: ஒரு பொருளைப் பட்டியலிட 20 சென்ட், அது 4 மாதம் நிற்கும், விற்றால் 6.5 சதவீதம். கடை திறந்த முதல் வாரத்திலேயே "வாங்கப் பார்த்தேன், பணம் கட்ட முடியவில்லை, இந்த க்யூஆரில் உங்கள் கடையைச் சரிபாருங்கள்" என்று செய்தி வந்தால் அது எட்ஸி அனுப்பியதல்ல. புதுக் கடைகளைத் தேடிப் பிடித்து அனுப்புகிறார்கள்.

மோசடி என்று சொல்ல முடியாத மோசங்களும் இருக்கின்றன. "உங்கள் படம் சர்வதேசக் கண்காட்சிக்குத் தேர்வாகியுள்ளது" என்று வாழ்த்திவிட்டு, சுவரில் இடத்துக்கு இவ்வளவு யூரோ என்று கேட்பவை அந்த வகை. சட்டப்படி குற்றமில்லை, ஒப்புக்கொண்டு கட்டினீர்கள், முடிந்தது. படம் விற்றால் வரும் கமிஷனில் பிழைக்கும் கேலரிக்கும், ஓவியரிடம் வாங்கும் கட்டணத்தில் பிழைக்கும் கேலரிக்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவதற்கு உங்கள் படம் விற்க வேண்டிய அவசியமே இல்லை.

பிரிண்ட் போட்டு விற்றுத் தருகிறோம் என்று பெரிய கோப்பு கேட்கும் தளங்களில், விதிமுறையில் உள்ள "அனைத்து உரிமைகளும், நிரந்தரமாக" என்ற வரியைத் தேடிப் படியுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ம் பிரிவுப்படி உரிமையை எழுத்தில்தான் மாற்ற முடியும். காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும். நிரந்தரம் என்று எழுதியதில் நீங்களே ஒப்புதல் கொடுத்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு உதவாது. 17-ம் பிரிவில் இன்னொரு பொறி இருக்கிறது. பணம் கொடுத்து ஒருவர் வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் வரையச் சொன்னவரே. ஆர்டர் எடுக்கும்போதே "பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும், பிரிண்ட் எடுக்க அனுமதியில்லை" என்று வாட்ஸ்அப்பில் எழுதி, "சம்மதம்" என்று பதில் வாங்கிவிட்டு முன்பணம் பெறுங்கள். கோப்பைப் பொறுத்தவரை, 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏ4 அச்சுக்கு 2480-க்கு 3508 பிக்சல் தேவை. பொதுவில் போடும் படத்தின் நீளப் பக்கம் 1080 பிக்சலைத் தாண்டாவிட்டால், அதே தரத்தில் 3.6 அங்குலத்துக்கு மேல் அச்சிட முடியாது. மூலையில் போடும் வாட்டர்மார்க்கைவிட இது உதவும்.

கூரியரில் நடப்பது தனிக் கதை. மேலே சொன்ன படமே இரண்டு அங்குலச் சட்டத்தோடு 19-க்கு 16 ஆகிவிடும். சுற்றிலும் இரண்டிரண்டு அங்குலம் பஞ்சு விட்டால் பெட்டி 23, 20, 6 அங்குலம். சென்டிமீட்டரில் சுமார் 58, 51, 15. பல கூரியர்கள் பெட்டியின் அளவையும் எடையாக மாற்றிப் பார்ப்பார்கள்: இந்த மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 9 கிலோ. தராசு 4 கிலோ காட்டினாலும் பில் 9 கிலோவுக்குத்தான். இது தெரியாமல் "டெலிவரி இலவசம்" என்று போட்டுவிட்டுக் கைக்காசு இழப்பவர்கள் நிறைய. ரசீதின் பின்னால் பொடி எழுத்தில் "பொருள் உரிமையாளரின் பொறுப்பில்" என்று இருக்கும். கண்ணாடிக்கும் ஓவியத்துக்கும் இன்சூரன்ஸ் பொருந்துமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். முடிந்தவரை கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக். கண்ணாடிதான் என்றால் அதன் மேல் குறுக்கும் நெடுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். உடைந்தாலும் சில்லு சிதறி ரேக்கைக் கீறும் வாய்ப்பு குறையும். நான்கு மூலைக்கும் தனி அட்டைக் காப்பு, ஐந்து அடுக்கு அட்டைப் பெட்டி. பெட்டியை ஆட்டினால் உள்ளே எதுவும் அசையக் கூடாது. கட்டுவதை வீடியோ எடுங்கள், பிரிப்பதை அவர் வீடியோ எடுக்க வேண்டும் என்று முன்பே எழுதிக்கொள்ளுங்கள். படத்தின் பின்புறம் கையெழுத்தும் தேதியும் போட்டு அதையும் படமெடுங்கள். உடைந்துவிட்டது என்று வேறு பழைய படத்தைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்கார வேண்டாம், நேரம்தான் முக்கியம். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன். 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண், போன தொகை, நேரம், எதிராளியின் எண் எல்லாம் கையில் இருக்கட்டும். பணம் அடுத்த கணக்குக்கு நகருவதற்குள் சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியுங்கள், வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். பின் எண்ணை நீங்களே போட்டிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஆன இழப்பு உங்களுடையது என்பதுதான் ரிசர்வ் வங்கியின் 2017 விதி. தெரிவித்த பிறகு ஆனது வங்கியுடையது. கோபத்தில் அரட்டையை அழித்துவிடாதீர்கள், ஆளை பிளாக் செய்வதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புகார் கொடுத்த சில நாளில், இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், கோப்புக் கட்டணம் 2,000 மட்டும் என்று யாராவது கூப்பிட்டால், அந்த எண்ணையும் அதே புகாரில் சேர்த்துவிடுங்கள்.