சி.ஆர்.டி.யோடு நிறுத்தலாமா, ஆர்.ஆர்.டி. வரை போகலாமா?

அமெரிக்காவில் சுவாச சிகிச்சையாளராக வேலை பார்க்க இரண்டு தாள்கள் கையில் இருக்க வேண்டும். ஒன்று, என்.பி.ஆர்.சி. என்ற தேசிய வாரியம் தரும் தகுதிச் சான்று. இன்னொன்று, மாநிலம் தரும் லைசென்ஸ். அலாஸ்காவில் மட்டும்தான் இந்த லைசென்ஸ் கிடையாது. சான்றில் சி.ஆர்.டி. என்ற முதல் படி, ஆர்.ஆர்.டி. என்ற மேல் படி என்று இரண்டு படிகள் இருப்பதால்தான் குழப்பமே.

முதல் தேர்வு இரண்டுக்கும் பொது. 3 மணி நேரம், 160 கேள்விகள். அதில் 140க்குத்தான் மதிப்பெண். கீழ் கட்-ஆஃபைத் தொட்டால் சி.ஆர்.டி. மேல் கட்-ஆஃபையும் தாண்டினால்தான் ஆர்.ஆர்.டி.க்கான இரண்டாம் தேர்வில் உட்கார முடியும்.

அந்த இரண்டாம் தேர்வு வேறு மாதிரி. 4 மணி நேரத்தில் 22 நோயாளிகள் கணினித் திரையில் வந்து போவார்கள். உதாரணத்துக்கு, வென்டிலேட்டரில் இருப்பவருக்குத் திடீரென்று அழுத்த அலாரம் அடிக்கிறது. ஒரு பக்கம் மூச்சுச் சத்தமே இல்லை, மூச்சுக்குழாய் மறுபக்கம் தள்ளியிருக்கிறது, ரத்த அழுத்தம் சரிகிறது. 'எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம்' என்று தேர்ந்தெடுத்தால் மதிப்பெண் போகும். நெஞ்சில் அடைபட்ட காற்றை அந்த நிமிடமே ஊசி குத்தி வெளியேற்ற வேண்டும். மனப்பாடம் இங்கே உதவாது. படுக்கை அருகே நின்ற அனுபவம்தான் கைகொடுக்கும்.

சரி, லைசென்ஸுக்கு எது போதும்? பல மாநிலங்களில் சி.ஆர்.டி. போதும். சீக்கிரம் சம்பளம் பார்க்க வேண்டிய வீட்டுச் சூழல் இருந்தால் அது நியாயமான வழிதான். ஆனால் கலிபோர்னியாவில் 2015 முதல் புதிதாக விண்ணப்பிப்பவர்கள் இரண்டு தேர்வையும் முடித்திருக்க வேண்டும். கைரேகை எடுத்துப் பின்னணியையும் சரிபார்ப்பார்கள். பெரியவர்களுக்கான தீவிர சிகிச்சைச் சிறப்புத் தேர்வை எழுதவும் ஆர்.ஆர்.டி. கட்டாயம்.

அதனால் நான் ஆர்.ஆர்.டி. பக்கம்தான். அதையும் படிப்பு முடிந்த சூட்டோடு எழுதிவிடுங்கள். வேலையில் சேர்ந்து, நைட் ஷிஃப்ட் முடித்து வந்து புத்தகத்தைத் திறப்பது லேசான காரியம் இல்லை.

அப்புறம், தமிழ்நாட்டில் பி.எஸ்சி. சுவாச சிகிச்சை படிப்பவர்களுக்கு ஒன்று. இந்தத் தேர்வுகளுக்கு அமெரிக்காவின் கோஆர்க் அமைப்பு அங்கீகரித்த படிப்பைக் கேட்கிறார்கள். ஏஜென்ட்டிடம் பணம் கட்டும் முன் இதை என்.பி.ஆர்.சி.யிடமே நேரடியாக எழுதிக் கேட்டுவிடுங்கள்.