14416: ஊட்டியில் இருந்து நாலு முறை அழைத்த அனுபவம்

போன ஜனவரியில் தொடங்கி இதுவரை நாலு முறை 14416-க்கு அழைத்திருக்கிறோம். இரண்டு முறை நான் பேசினேன், ஒரு முறை என் ரூம்மேட், ஒரு முறை அவன் அப்பா. மலையில் தங்கிப் படிக்கிற பசங்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

14416 என்பது டெலி மானஸ், மத்திய அரசின் மனநல உதவி எண். 2022 அக்டோபர் 10-ல் ஆரம்பித்தது. 24 மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழைத் தேர்ந்தெடுத்தால் தமிழிலேயே பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்றே 14446 என்று தனி எண்ணும் இருக்கிறது, அதுவும் இலவசம். எனக்கு அன்று நினைவுக்கு வந்தது 14416.

அன்று என்றால், தலைக்குந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிற நாட்களில் ஒரு ராத்திரி. நாலு பேர் வாடகை வீட்டில் இருக்கிறோம். ரூம்மேட் கூடலூர்ப் பையன், வயது 20. குளிருக்கு ரெண்டு ரவுண்ட் என்று ஆரம்பித்தவன், முதுகுவலிக்கு யாரோ கொடுத்த மாத்திரையையும் போட்டுவிட்டு, பாத்ரூம் வாசலில் சுருண்டு விழுந்து கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது, கை ஐஸ் மாதிரி, கிள்ளினாலும் அசைவில்லை. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? கட்டங்காப்பி போட்டோம். ஒருத்தன் தலையில் தண்ணீர் ஊற்றலாம் என்றான். ஆம்புலன்ஸ் வேண்டாம், காலேஜுக்குத் தெரிந்தால் நாலு பேரையும் அனுப்பிவிடுவார்கள் என்றும் பேசிக்கொண்டோம், அப்படி ஒரு இருபது நிமிடம் போயிருக்கும். சத்தம் கேட்டு மேலே ஏறி வந்த வீட்டுக்கார அக்காதான் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கம்பளி போர்த்தி, 108-க்குப் போன் போட்டார். "உயிரு போனா எந்தக் காலேஜுடா திருப்பித் தரும்?" என்று அவர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

அவன் பிழைத்துக்கொண்டான். மறுநாள் சாயங்காலம், சிக்னல் நன்றாக வருகிற மேட்டில் உட்கார்ந்து நான் அழைத்தேன்.

எடுத்தது ஒரு பெண். பெயர் சொல்லத் தயக்கமாக இருக்கிறது என்றேன், பரவாயில்லை சொல்லுங்க என்றார். எந்தக் காலேஜ் என்று கேட்கவே இல்லை. முதலில் கேட்டது, "இப்போ அவர் கூட யாராவது இருக்காங்களா?" அப்புறம் நான் அழுதுவிட்டேன், அவர் முடியும் வரை காத்திருந்தார். அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக விளக்கினார். குடித்தால் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய் விரிகிறது, அதனால் சூடு ஏறின மாதிரி தோன்றும், ஆனால் உள்சூடு வெளியே போய்க்கொண்டே இருக்கும், உறைபனியில் அது ஆளையே சாய்த்துவிடும். காப்பி, மோர், எலுமிச்சை எதுவும் போதையை இறக்காது, ஈரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். மல்லாக்கப் படுக்க வைத்தால் வாந்தி மூச்சுக்குழாயை அடைத்துவிடும். மயக்கம் தரும் மாத்திரையோ கடுமையான வலி மாத்திரையோ மதுவோடு சேர்ந்தால் இரண்டும் மூச்சை அடக்கும். எழுப்பினால் எழாதவன், நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவாக மூச்சு விடுகிறவன், உதடு நீலமானவன், இவர்களுக்கு எந்த உதவி எண்ணையும் தேட வேண்டாம், நேராக 108. இதை என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

அவன் எவ்வளவு குடிக்கிறான் என்று கேட்டபோது எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தேன். நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருவார்கள். காட்டில் உடைந்த கண்ணாடி யானையின் காலில் ஏறுகிறது என்று 2022-ல் இந்த மாவட்டத்தில் ஆரம்பித்த ஏற்பாடு. அதற்காக அவன் கட்டிலுக்கு அடியில் சாக்கில் சேர்த்து வைத்திருந்தான். எண்ணினால் 31 குவாட்டர். ஒரே அறையில் இருந்துகொண்டு நான் ஒன்றைக்கூடக் கவனிக்கவில்லை.

இரண்டாவது முறை இந்தக் கணக்கோடு அழைத்தேன். தினமும் குடிக்கிறவர் என்றால் வைராக்கியத்தில் ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள் என்றார்கள். கை நடுக்கம், வலிப்பு, இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பம் வரை போகலாமாம், டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். மனநலப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள். மூன்றாவது தடவை அவனே பேசினான். கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம். என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை ஓபி சீட்டு வாங்க அவனே முன்னால் நடந்தான். அங்கே குடிப்பழக்கம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்கும் உலக சுகாதார நிறுவனத்தின் 10 கேள்வித் தாளைக் கொடுத்தார்கள், 40-க்கு 8 வந்தாலே கவனிக்க வேண்டும், அவனுக்கு 19.

நாலாவது அழைப்புதான் என்னைப் பொறுத்தவரை பெரியது. அவன் அப்பா விஷயம் தெரிந்து கிளம்பி வந்தார், கையில் ஒரு பொட்டலம். "சாப்பாட்டுல கலந்து குடுத்துரு தம்பி, அவனுக்குத் தெரிய வேண்டாம், தானா விட்டுருவான்" என்றார். பஸ்ஸில் ஒட்டியிருக்கிற விளம்பரத்தைப் பார்த்து வாங்கியது. பாவம், பயத்தில் இருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு அவரையே பேச வைத்தேன். உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாததைக் கொடுக்கக் கூடாது என்றார்கள். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் போன்ற மாத்திரை, அதன் மேல் மது போனால் நெஞ்சு படபடத்து ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம், அதனால் நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர்தான் தர வேண்டும். "நீங்க அவரைத் திட்டாம பக்கத்துல உக்காந்தாலே பாதி மருந்துங்க ஐயா" என்று அந்தப் பக்கம் இருந்தவர் சொன்னபோது, அப்பா பொட்டலத்தை ஜன்னல் மேல் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

குறை என்றால், போனில் மருந்து வராது. மலையில் இருப்பவர்கள் அதற்குப் பஸ் ஏறித்தான் ஆக வேண்டும், மாதம் இரண்டு நாள் வகுப்பு போகும். பேசும்போது சிக்னல் விட்டால் மறுபடி முதலில் இருந்து சொல்ல மனசு வராது, அதனால் இடம் பார்த்து உட்கார்ந்து அழையுங்கள்.

என் கோபம் வேறு இடத்தில். நாங்கள் சேர்ந்த முதல் வாரம் போதை ஒழிப்பு உறுதிமொழி எடுத்தோம், கையை நீட்டிக்கொண்டு, போட்டோவும் எடுத்தார்கள். விதிப் புத்தகத்தில் நீக்கம் என்ற ஒரே வார்த்தைதான் இருக்கிறது. ஒருவன் விழுந்து கிடந்தால் யாரைக் கூப்பிடுவது, கூப்பிட்டவனுக்கு என்ன ஆகும் என்று ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் அந்த இருபது நிமிடம் போயிருக்காது.

சட்டத்தையும் பிறகுதான் தேடிப் படித்தேன். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே மது விற்கக் கூடாது. கஞ்சா ஒரு கிலோவுக்குக் குறைவு என்றாலும் ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கொடைக்கானலில் ‘மஷ்ரூம்’ என்கிற போதைக் காளான் கேட்டு அலைகிறவர்களுக்கும் சொல்கிறேன், அதில் உள்ள சைலோசைபின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவும் உண்டு. போதைக்கு அடிமையானவர், உபயோகித்ததற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ சிக்கினால், தானே முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்தால் அந்த வழக்கில் இருந்து விலக்கு, பாதியில் விட்டால் விலக்கும் போய்விடலாம். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் குடி, போதைப் பிரச்சினையையும் மனநோயாகவே எடுத்துக்கொள்கிறது, சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமையும் அதில் இருக்கிறது. உறுதிமொழி எடுத்த அன்று இதையெல்லாம் எங்களுக்கு யார் சொன்னார்கள்?

இப்போது அவன் மாத்திரையில் இருக்கிறான். மே மாதம் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் ஒரு நாள் சறுக்கினான், மறுநாள் காலையில் தானே டாக்டரிடம் போய்ச் சொன்னான். எங்கள் வீட்டில் ஹீட்டர் சுவிட்சுக்கு மேலே கறுப்பு மார்க்கரில் 108, 14416, 14446 மூன்றையும் எழுதி ஒட்டியிருக்கிறோம். வாடகை வாங்க வந்த வீட்டுக்கார அக்கா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார், அப்புறம் தனக்கும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.