ரத்தக்கட்டு என்று நினைத்தோம்

சிங்கப்பூரிலிருந்து மூன்று வார லீவில் வந்தேன். அதில் பதினோரு நாள் மதுரை ஆஸ்பத்திரிகளிலேயே போனது. எங்களைப் போல அலைகிற யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

மேலூர்ப் பெரியப்பாவுக்கு வயது 74. வழுக்கைத் தலையில், நெற்றிக்கு மேலே, நாவல்பழ நிறத்தில் ஒரு தடிப்பு. மாட்டுக்கொட்டகை விட்டத்தில் இடித்த ரத்தக்கட்டு என்று நான்கு மாதமாகக் களிம்பு போட்டிருக்கிறார். பார்த்த கிளினிக்கிலும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். அடிபட்ட ரத்தக்கட்டு என்றால் சில வாரத்தில் மஞ்சளாகி மறைந்துவிடும். இதுவோ ஓரத்தில் பரவிக்கொண்டே போனது. அவர் துண்டை அவிழ்த்தபோது நூலோடு கசிவும் ஒட்டி வந்தது. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

தடிப்பிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துச் சோதித்த பயாப்சி ரிப்போர்ட்டில் உறுதியாக ஒன்றும் இல்லை. ஒரு டாக்டர் உடனே வெட்டச் சொன்னார், இன்னொருவர் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கச் சொன்னார். ஃபைலைத் தூக்கிக்கொண்டு அண்ணா நகருக்கும் பைபாஸ் ரோட்டுக்குமாக அலைந்தேன். கடைசியில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியில், வாராவாரம் எல்லாத் துறை டாக்டர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் 'டியூமர் போர்டு' இருப்பதாகச் சொன்னார்கள்.

அங்கே முதல் கேள்வியே, "ரிப்போர்ட் இருக்கட்டும் சார், பிளாக் எங்கே?" என்பதுதான். பிளாக் என்றால், எடுத்த சதையை மெழுகில் புதைத்து வைத்திருப்பது. பழைய லேபில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். தபால்தலை அளவு பிளாஸ்டிக் சட்டம், வெள்ளை மெழுகின் நடுவே அரிசி அளவு பழுப்புத் துணுக்கு. பெரியப்பாவின் வியாதி முழுக்க என் உள்ளங்கையில். வெயிலில் இளகிவிடுமோ என்று டிபன் பாக்ஸுக்குள் வைத்துக் கொண்டுபோனேன்.

அதிலிருந்து மெல்லிய சீவல்கள் எடுத்து, சிடி31, ஈஆர்ஜி என்ற சாயச் சோதனைகள் செய்தார்கள். ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களை அடையாளம் காட்டுபவை இவை. முடிவு: ஆஞ்சியோசார்கோமா, அதாவது ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களில் வரும் புற்றுநோய். தசை, கொழுப்பு, ரத்தக்குழாய் போன்ற மென்திசுக்களில் வரும் சார்கோமா என்ற புற்றுநோய்களே அரிது, அவற்றிலும் நூற்றில் ஒன்றிரண்டுதான் இது. வயதானவர்களுக்குத் தலைத்தோலில் வருவதுதான் அதிகமாம்.

கூட்டம் முடிந்து மூன்று டாக்டர்கள் எங்களை உட்காரவைத்துப் பேசினார்கள். "இப்போதைக்கு வெட்ட வேண்டாம்" என்று சொன்னவர் சர்ஜனேதான். கண்ணுக்குத் தெரியும் நிறம் இந்த நோயின் எல்லை இல்லையாம். தடிப்பைச் சுற்றி நல்ல தோலாகத் தெரிந்த நான்கு இடங்களில் துணுக்கு எடுத்ததில், இரண்டில் நோய் இருந்தது. முதல் ஆள் சொன்னபடி வெட்டியிருந்தால்? நினைக்கவே முடியவில்லை. நுரையீரலுக்குப் பரவக்கூடியது என்பதால் நெஞ்சுக்கும் சி.டி. எடுத்தார்கள், அங்கே ஒன்றுமில்லை. வாரம் ஒருமுறை பாக்ளிடாக்சல் என்ற மருந்தில் கீமோ, பிறகு கரண்ட், அதன்பின் மறுபடி எல்லோரும் உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவானது. திரும்ப வரக்கூடிய நோய் என்பதையும் மறைக்கவில்லை.

"கரண்ட் வச்சா ஷாக் அடிக்குமாய்யா?" என்று பெரியப்பா கேட்டார். கதிர்வீச்சு டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எக்ஸ்ரே எடுக்கிற மாதிரிதான்யா, ஒண்ணும் தெரியாது" என்றார்.

இரண்டாவது கீமோ வரை கூட இருந்துவிட்டுக் கிளம்பினேன். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் தம்பி அதே வாசல் வெளிச்சத்தில் தலையைப் படம் எடுத்து, டாக்டருக்கும் எனக்கும் அனுப்புகிறான்.