மனக்காயத்துக்கு எந்தச் சிகிச்சை: கண்ணசைவா, திரும்பச் சொல்வதா, எழுதிப் பார்ப்பதா?

விபத்து, பாலியல் தாக்குதல், போர், பேரிடர் என்று ஏதோ ஒன்று நடந்து முடிந்து வருடக்கணக்கில் ஆகியிருக்கும். ஆனாலும் ஒரு சத்தமோ வாசனையோ போதும், உடம்பு மறுபடி அந்த நிமிடத்துக்கே போய்விடும். தூக்கம் கெடும், கெட்ட கனவு வரும், சில இடங்கள் பக்கம் கால் போகவே மறுக்கும். பிடிஎஸ்டி எனப்படும் இந்த நிலைக்குச் சிகிச்சை தேடுகிறவர்கள் அதிகம் கேள்விப்படும் பெயர் இஎம்டிஆர், அதாவது கண்ணசைவு சிகிச்சை. அதோடு போட்டி போட்டு நிற்பவை இரண்டு: நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லி எதிர்கொள்ளும் பிஇ, மனதில் ஊறிப்போன எண்ணங்களை எழுதி அலசும் சிபிடி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றுமே வேலை செய்கின்றன. எதற்கு அதிகப் பெயர் என்று பார்க்காமல், எதைப் பாதியில் விடாமல் உங்களால் முடிக்க முடியும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கண்ணசைவு சிகிச்சையின் தொடக்கம் 1987. அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாப்பிரோ பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, தன் கண்கள் இங்குமங்கும் ஓடிய சமயத்தில் மனதை அரித்துக்கொண்டிருந்த எண்ணங்களின் வேகம் தணிந்ததைக் கவனித்தார். அதை ஒரு முறையாக வளர்த்து, 1989-ல் முதல் ஆய்வை வெளியிட்டார். இன்று அது எட்டுக் கட்டங்கள் கொண்ட சிகிச்சை. கண்ணசைவு முதல் நாளே வந்துவிடாது. உங்கள் கதையைக் கேட்பது, கலக்கம் மிஞ்சினால் உங்களை நீங்களே நிதானப்படுத்திக்கொள்ளப் பழக்குவது, இதெல்லாம் முதலில் நடக்கும்.

அப்புறம்தான் நினைவுக்குள் போவது. அந்தச் சம்பவத்தின் மிக மோசமான ஒரு காட்சியை மனதில் நிறுத்தச் சொல்வார்கள். அதைப் பார்க்கும்போது உங்களைப் பற்றி என்ன தோன்றுகிறது? 'நான் கையாலாகாதவள்' என்று தோன்றலாம். அதற்குப் பதிலாக எதை நம்ப ஆசை? 'என்னால் சமாளிக்க முடியும்.' இந்த இரண்டாவது வாக்கியம் இப்போது எவ்வளவு உண்மையாகப் படுகிறது என்பதற்கு 1 முதல் 7 வரை ஒரு எண். வேதனை எவ்வளவு என்பதற்கு 0 முதல் 10 வரை இன்னொரு எண். உடம்பில் எங்கே அது தெரிகிறது? தொண்டையிலா, நெஞ்சிலா? அந்தக் காட்சியையும் அந்த உணர்ச்சியையும் பிடித்துக்கொண்டே, சிகிச்சையாளரின் விரல் இடமும் வலமும் போவதைக் கண்ணால் தொடர வேண்டும். அரை நிமிடம் போல் ஆனதும் நிறுத்தி, "இப்போது என்ன வருகிறது?" என்று கேட்பார். வந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். "சரி, அதோடு போங்கள்" என்று மறுபடி விரல் நகரும். வேதனை எண் 0 பக்கம் இறங்கும்வரை இது தொடரும். ஒரே அமர்வில் இறங்காமலும் போகலாம். விரலுக்குப் பதில் கைகளில் மாறி மாறித் தட்டுவதும், காதுகளில் மாறி மாறி ஒலி கேட்க வைப்பதும் உண்டு.

கண்ணை அசைப்பதால் எப்படி மனக்காயம் ஆறும் என்று கேட்பது நியாயமான சந்தேகம். 2001-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆய்வு, கண்ணசைவைச் சேர்த்தாலும் விட்டாலும் பலனில் வித்தியாசம் தெரியவில்லை என்றது. 2013-ல் வந்த இன்னொன்று, கண்ணசைவுக்கும் பங்கு உண்டு என்றது. இன்று பலர் ஏற்கும் விளக்கம் இது: மனதில் ஒரே நேரத்தில் ஏந்திக்கொள்ளக்கூடியது கொஞ்சம்தான். நினைவை ஏந்தியபடியே கண் வேறொரு வேலையைச் செய்யும்போது, நினைவுக்குக் கிடைக்கும் இடம் குறைகிறது. காட்சி மங்கி, அதன் கொடுக்கு மழுங்குகிறது. வேறு சில கடினமான வேலைகளைக் கொடுத்தாலும் இதுபோல் நடப்பதை ஆய்வகச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். ஆகவே கண்ணுக்கென்று தனி மந்திர சக்தி இருப்பதாக நினைத்து இதைத் தேர்வு செய்ய வேண்டாம்.

இதன் உண்மையான அனுகூலம் வேறு. உலக சுகாதார நிறுவனம் 2013-ல் பிடிஎஸ்டிக்குப் பரிந்துரைத்தவற்றில் இதுவும் ஒன்று. நடந்ததை விலாவாரியாக விவரிக்கத் தேவையில்லை, வீட்டுப்பாடம் கிடையாது என்பதை அந்த நிறுவனமே இதன் தனித்தன்மையாகச் சொல்கிறது. வாய் திறந்து சொல்லவே முடியாதவர்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை. வெட்கத்தால் பல வருடங்கள் பூட்டி வைத்த ஒன்றை முதல்முறை ஒரு மனிதர் முன்னால் கொண்டுவரும்போது, 'முழுசாகச் சொல்ல வேண்டாம்' என்ற சலுகையே வாசலைத் தாண்டி உள்ளே வர வைக்கும்.

பிஇ இதற்கு நேர் எதிர். உளவியலாளர் எட்னா ஃபோவா உருவாக்கிய இந்த முறையில், கண்ணை மூடிக்கொண்டு, சம்பவத்தை இப்போது நடப்பதுபோல் நிகழ்காலத்தில் சொல்ல வேண்டும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. அதைப் பதிவு செய்து தினமும் வீட்டில் கேட்க வேண்டும். கூடவே, தவிர்த்துவரும் இடங்களைப் பட்டியல் போட்டு, குறைந்த பயம் தருவதில் தொடங்கி ஒவ்வொன்றாகப் போய் நிற்க வேண்டும். வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் வரை. கேட்கவே கடினமாக இருக்கிறது, உண்மையில் கடினமும்தான். ஆனால் பயத்தால் வாழ்க்கையே சுருங்கிப்போனவர்களுக்கு, விபத்துக்குப் பிறகு வண்டியில் ஏறவே முடியாதவர் போன்றவர்களுக்கு, என் தேர்வு இதுதான். தவிர்ப்பதுதான் பயத்தை உயிரோடு வைத்திருக்கிறது, பிஇ அதன் மேலேயே கை வைக்கிறது.

சிபிடி உளவியலாளர் பட்ரீஷியா ரெசிக் வளர்த்தெடுத்தது, பொதுவாக 12 அமர்வுகள். பயத்தைவிடக் குற்ற உணர்ச்சி ஆளைத் தின்னும்போது இதைத்தான் முதலில் பாருங்கள். 'நான் அன்றைக்கு அங்கே போயிருக்கக் கூடாது', 'யாரையும் நம்ப முடியாது' போன்ற வாக்கியங்களைப் பிடித்துத் தாளில் எழுத வேண்டும். அதற்குச் சாதகமாக என்ன ஆதாரம், பாதகமாக என்ன ஆதாரம்? நடக்கப்போவது அப்போது உங்களுக்குத் தெரியுமா, பிறகுதான் தெரிந்ததா? இப்படி எழுதி எழுதித்தான் முடிச்சு அவிழும். சம்பவத்தை விரிவாக எழுதும் பகுதியை எடுத்துவிட்டாலும் பலன் குறையவில்லை என்று 2008-ல் வந்த ஆய்வு காட்டியது. அதனால் விவரிக்கத் தயங்குகிறவர்களுக்கும் இந்தக் கதவு திறந்திருக்கிறது. எழுதப் பிடிக்காதவர்களுக்கு மட்டும் இது சுமைதான்.

நேருக்கு நேர் மோதவிட்டால் யார் ஜெயிப்பார்கள்? தெளிவான பதில் கிடையாது. 2005-ல் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் பிஇயையும் கண்ணசைவு சிகிச்சையையும் ஒப்பிட்டபோது இரண்டும் நன்றாகவே உதவின. 2003-ல் வந்த வேறொரு ஆய்வில் எதிர்கொள்ளும் முறை முந்தியது. வழிகாட்டுதல்களும் ஒன்றுபோல் இல்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2017-ல் பிஇ, சிபிடி இரண்டையும் வலுவாகவும், இஎம்டிஆரை ஒரு படி குறைத்தும் பரிந்துரைத்தது. அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையும் பாதுகாப்புத் துறையும் 2023-ல் மூன்றையும் ஒரே வரிசையில் வைத்தன. இந்தச் சின்ன இடைவெளியைவிட, முறையாகப் பயிற்சி பெற்ற ஒருவர் கிடைக்கிறாரா என்பதற்குத்தான் நான் அதிக மதிப்பு கொடுப்பேன்.

மாத்திரைகளையும் சொல்லிவிட வேண்டும். செர்ட்ரலின், பராக்ஸெடின் போன்றவை உதவும், பேச்சு சிகிச்சைக்கு ஆள் கிடைக்காதபோது முக்கியமாக. 2007-ல் கண்ணசைவு சிகிச்சையை ஃபுளுவாக்ஸெடின் என்ற இதே வகை மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வில், ஆறு மாதம் கழித்தும் பலன் நிலைத்தது கண்ணசைவு சிகிச்சை பெற்றவர்களிடம்தான். ஆனால் சிறுவயதிலேயே காயம்பட்டவர்களைவிட, பெரியவர்களான பிறகு காயம்பட்டவர்கள்தான் அதிகம் குணமடைந்தார்கள். சிறுவயதுக் காயமுள்ளவர்கள் எந்த முறையை எடுத்தாலும் கூடுதல் நாள் பிடிக்கும் என்று தெரிந்தே தொடங்குவது நல்லது.

இஎம்டிஆர் பற்றி ஒரு எச்சரிக்கை. திரையில் ஒரு புள்ளி இடமும் வலமும் ஓட, பார்த்து நீங்களே குணமாகலாம் என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. புள்ளியைத் தொடர்வதில் ஆபத்து ஒன்றுமில்லை. நினைவு வெள்ளமாகத் திறந்துகொள்ளும்போது நிறுத்திப் பிடிக்க எதிரே ஆள் இல்லாததுதான் ஆபத்து. நினைவு தப்பினாற்போல் உறைந்துபோகும் வழக்கம் உள்ளவர்கள், தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் உள்ளவர்கள் இதைத் தனியாகத் தொடவே வேண்டாம். சிகிச்சையாளரைப் பார்க்கும்போது இந்த இரண்டையும் முதல் அமர்விலேயே சொல்லிவிடுங்கள். எந்த முறையாக இருந்தாலும், நினைவைத் தொடுவதற்கு முன் எவ்வளவு நாள் தயார்ப்படுத்த வேண்டும் என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.