ஜிப்ஸியா, பழைய ஜீப்பா? வீட்டில் வைத்து வேலை பார்க்க எது தோது

நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி ஒன்றை வாங்கி, வீட்டு வாசலிலேயே நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்ய வேண்டும் என்ற ஆசை வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு பெயர்களில் வந்து நிற்பார்கள்: மாருதி ஜிப்ஸி, பழைய ஜீப் என்று எல்லோரும் சொல்லும் மகிந்திரா எம்எம் 540. இரண்டின் அடியிலும் படுத்து வேலை பார்த்திருக்கிறேன். எது சேற்றில் நன்றாகப் போகும், எது மலையில் சுலபமாக ஏறும் என்ற வாதம் பல வருடமாக நடக்கிறது. அதை இங்கே தொடப்போவதில்லை. ஒரு ஸ்பானர் பெட்டி, ஒரு ஜாக்கி, உதவிக்கு ஒரு நண்பர் என்ற அளவில் எந்த வண்டியை நம் கையாலேயே முடித்து ரோட்டில் விட முடியும் என்பதுதான் என் கேள்வி.

முதலில் துரு. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இன்ஜின் சத்தத்தைக் கேட்டு மயங்கிவிடுகிறார்கள். ஆனால் பணத்தைத் தின்பது தகடு. ஜிப்ஸியின் தகடு மெல்லியது. ரப்பர் மேட்டுக்கு அடியில் தண்ணீர் தங்கித் தரை அரித்திருக்கும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். மேட்டைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பாடி சேஸிஸில் உட்காரும் இடங்களையும், பின்பக்கக் கமான் பட்டை மாட்டியிருக்கும் பிராக்கெட்டுகளையும் கட்டாயம் பார்க்க வேண்டும். அந்த பிராக்கெட் பக்கத்தில் சேஸிஸ் பொத்தலாகியிருந்தால் அது வீட்டு வேலை இல்லை.

ஜீப்பும் துருப்பிடிக்கும். ஆனால் அதன் உடம்பு கிட்டத்தட்ட எல்லாமே தட்டையான தகடு. மட்கார்டு தட்டை, கதவுப் பக்கம் தட்டை, முன்கண்ணாடிகூட வளைவில்லாதது. எந்த ஊர் டிங்கரிங் பட்டறையிலும் அளவெடுத்து, வெட்டி, மடித்து, பற்றவைத்துக் கொடுத்துவிடுவார்கள். வெல்டிங் பழக நினைப்பவருக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. ஜிப்ஸியில் அச்சில் அழுத்திய வளைவுகள் இருப்பதால் அந்தத் துண்டு கடையில் கிடைத்தால்தான் உண்டு. இல்லையென்றால் பட்டி பூசி மறைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். தகடு விஷயத்தில் ஜீப்புக்குத்தான் என் ஓட்டு, சந்தேகமே இல்லை.

இன்ஜின் பக்கம் வந்தால் கணக்கு அவ்வளவு நேராக இல்லை.

எம்எம் 540-இல் இருப்பது பியூஜோ எக்ஸ்டிபி 4.90 டீசல். பெயரிலேயே விவரம் இருக்கிறது: நாலு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம். மொத்தம் 2,112 சிசி, 62 குதிரைத்திறன். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. ஓடத் தொடங்கிய பிறகு டீசலும் காற்றும் கிடைத்தால் ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் ஸ்டார்ட் ஆகாமல் வெள்ளைப் புகை கக்கினால் முதல் சந்தேகம் ஸ்டார்ட் ஆக இன்ஜின் உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக்கில்தான். ஒவ்வொன்றாகக் கழற்றி பேட்டரியில் கொடுத்துப் பார்த்தால் எது சிவக்கவில்லை என்று கண்ணுக்கே தெரியும். டீசல் லைனில் காற்று புகுந்தால் ஃபில்டர் மேலிருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப் பம்பை அடித்துக் குமிழி நிற்கும்வரை விட்டால் போதும். இதையெல்லாம் பத்து வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தபடியே செய்யலாம். ஆனால் டீசல் பம்பை மட்டும் வீட்டில் பிரிக்காதீர்கள். அதை மறுபடி அளவு வைக்க டெஸ்ட் பெஞ்ச் வேண்டும். கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவதுதான் நல்லது.

ஜிப்ஸி 1985 டிசம்பரில் வந்தபோது 970 சிசி பெட்ரோல் இன்ஜின், 45 குதிரைத்திறன். 1996-இல் ஜிப்ஸி கிங் 1,298 சிசியோடும் 60 குதிரைத்திறனோடும் வந்தது. 2000-இல் அதற்கே எம்பிஎஃப்ஐ, அதாவது சென்சார் பார்த்துப் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை, வந்து 80 குதிரைத்திறன் ஆனது. வீட்டில் வேலை பார்க்கிறவருக்கு இந்த மூன்றும் மூன்று வேறு வண்டிகள். முதல் இரண்டிலும் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுப்பது கார்புரேட்டர். அதைக் கழற்றிக் கழுவி மாட்டுவது சுகமான வேலை, பிடித்துப்போனால் விடமாட்டீர்கள். ஆனால் மலையில் அது சோதிக்கும். செங்குத்தான சரிவில் வண்டி சாயும்போது மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கி, இன்ஜின் மூச்சுத் திணறி நின்றுவிடும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்று மெலிவதால் பெட்ரோல் கலவை அதிகமாகிக் கரும்புகை வரும். எம்பிஎஃப்ஐயில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. பதிலுக்கு, ஒரு சென்சார் போனால் ஸ்பானரோடு நிற்பவருக்கு ஒன்றும் புரியாது. ஒரு நல்ல சமாதானம் உண்டு: கிங்கின் இன்ஜின் மாருதி எஸ்டீம் காரின் இன்ஜின் குடும்பம். அதனால் பல இன்ஜின் சாமான்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. பழைய வண்டிச் சாமான் கடைகள் நிறைந்த சென்னை புதுப்பேட்டையில் ஒரு நாள் சுற்றினால் இரண்டு வண்டிக்கும் வேண்டியது ஏதாவது கையில் சிக்கும்.

அடுத்து எடை. பேசும்போது யாரும் இதை நினைப்பதில்லை, ஆனால் வேலையில் இறங்கியதும் எல்லாவற்றையும் இதுதான் முடிவு செய்யும். ஜிப்ஸி முழு வண்டியே சுமார் 1,000 கிலோதான். இன்ஜின் இழுவையை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் அதன் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டாமல், நடுவில் ஒரு குட்டி ஷாஃப்டோடு தனியாகத் தொங்குகிறது. கிளட்ச் பிளேட் மாற்ற கியர்பாக்ஸை மட்டும் இறக்கினால் போதும். இரண்டு பேர் சேர்ந்து தரையிலேயே முடித்துவிடலாம். ஜீப்பில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸின் முதுகிலேயே போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது. செயின் பிளாக்கும் அதைத் தாங்க உறுதியான உத்திரமும் இல்லாமல் அதைத் தொடக்கூடாது. எந்த வண்டியாக இருந்தாலும் சரி, ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டாம், நொறுங்கிவிடும். முதல் சாமானாக நாலு இரும்பு ஸ்டாண்டு வாங்குங்கள்.

ஜிப்ஸியில் தனியாக இருக்கும் அந்த டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஒரு விலையும் உண்டு. அதைத் தாங்கும் ரப்பர்கள் நைந்தால் வண்டி முழுக்க அதிரும். ஸ்டியரிங் உதறினால் முன் நக்கிளின், அதாவது முன் சக்கரம் திரும்பும் மூட்டின், கிங்பின் பேரிங்கைப் பாருங்கள். பிரிக்கும்போது உள்ளே இருக்கும் மெல்லிய ஷிம் தகடுகளை மேலது எது, கீழது எது என்று தனித்தனியாக வையுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு முழுநாள் ஆகும்.

மகிந்திராவின் பழைய தார் (Thar) வண்டியையும் சிலர் கேட்கிறார்கள். 2010-இல் வந்ததில் டிஐ மாடல் வாங்கினால் அதுவும் ஜீப் போலத்தான், வீட்டு வேலைக்கு ஒத்துவரும். கம்ப்யூட்டர் டீசல் இன்ஜின் உள்ள சிஆர்டிஇ மாடல் ஓட்ட அருமையான வண்டி. ஆனால் ஸ்கேனர் இல்லாமல் அதில் பெரிதாகக் கைவைக்க முடியாது.

இனி மாற்றி அமைக்கும் ஆசை. ஜிப்ஸிக்கு எல்லோரும் முதலில் செய்வது உயரம் ஏற்றுவது. ஆக்சிலுக்கு அடியில் இருக்கும் கமான் பட்டையை மேலே கொண்டுவந்து மாட்டினால் ஐந்து அங்குலம் போல உயரும். பார்க்க அழகுதான். ஆனால் ஸ்டியரிங் கம்பியின் சாய்வு கூடி, குழியில் இறங்கும்போது ஸ்டியரிங் தானாகத் திரும்பும். அதையும் சேர்த்துச் சரிசெய்யாமல் ரோட்டில் எடுப்பது ஆபத்து. என் வண்டியில், பட்டையின் முனையைச் சேஸிஸில் தொங்கவிடும் ஷாக்கிளை நீளமானதாகப் போட்டு இரண்டு அங்குலம் ஏற்றினேன். புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறி, நாற்பதைத் தாண்டினாலே கடகடவென்று அடிக்கத் தொடங்கியது. ஒரு மாதம் கழித்து எல்லாவற்றையும் கழற்றி, பழைய பட்டைகளுக்கே புது புஷ்ஷும் நல்ல ஷாக் அப்சார்பரும் போட்டேன். காட்டுப்பாதையில் அப்போதுதான் வண்டி நிம்மதியாக நடந்தது. பெரிய டயரும் அப்படித்தான்: 60 குதிரை அதைச் சுழற்றத் திணறும், முன் ஆக்சில் ஜாயின்ட் உடையும். ஜீப்பின் டீசல் இழுவை பெரிய டயரை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆனால் பழைய ஜீப்பில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் இருந்தால் முதல் செலவு அங்கேதான் போக வேண்டும். ஓடையைத் தாண்டி வந்ததும் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்து பிரேக் பிடிக்காத அந்தச் சில நொடிகளை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஜிப்ஸி கிங்கில் முன்பக்கம் டிஸ்க் பிரேக் இருப்பது பெரிய ஆறுதல்.

என்னைக் கேட்டால், இதுவரை ஸ்பானர் பிடிக்காதவர் ஜீப்பில் தொடங்கட்டும். கடற்கரை ஊர்க்காரரும் அப்படியே. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் குடியிருந்து, வாரம் தவறாமல் ஓட்டப்போகிறவர் துரு இல்லாத எம்பிஎஃப்ஐ ஜிப்ஸியாகப் பார்த்து எடுக்கட்டும்.

இரண்டுக்கும் பொதுவானது காகிதம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. இன்ஜின் மாற்றியிருந்தால் ஆர்டிஓ அனுமதியோடு ஆர்சியில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தகுதிச் சான்றுக்காக எஃப்சிக்குப் போனால் சேஸிஸ் எண்ணின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்கள். வாங்கப் போகும்போதே ஒரு பென்சிலும் தாளும் எடுத்துப் போய் நீங்களே தேய்த்துப் பாருங்கள். துரு தின்று எண் தெளிவாக விழவில்லையென்றால், விலை எவ்வளவு குறைவாகச் சொன்னாலும் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.